அயலார் கல்லறையும் அண்டையார் கடமையும்

ஒரு சமுதாயம் ஓர் ஊரில் வாழ்ந்தமைக்குச் சான்றாக எஞ்சி நிற்பன மூன்று. அவர்கள் வழிபட்ட இல்லம் ஒன்று. எழுதி வைத்த ஏடு மற்றொன்று. தம் இறந்தோரை ஒப்படைத்த நிலம் மூன்றாவது. வழிபாட்டில்லம் காலப்போக்கில் கைமாறக்கூடும். ஏடு செல்லரிக்கக்கூடும். அடக்கத்தலம் ஒன்றே இருந்த இடத்தில் இருந்தபடி, இன்னார் இங்கு வாழ்ந்தார், இன்ன ஆண்டில் மறைந்தார் என்று சாட்சி கூறிக்கொண்டிருக்கும். ஆனால் அச்சாட்சியைக் கேட்பதற்கு வழித்தோன்றல்கள் அங்கு இல்லாமற்போனால் என்ன ஆகும்? பெருஞ்சமுதாயத்தின் கல்லறைக்குக் காவலர் பலர். சிறு சமுதாயம் ஊரைவிட்டுப் போன பின்னர் அதன் கல்லறைக்கு அண்டை அயலாரையன்றி வேறு காவலர் இல்லை. இக்கருத்தை வலியுறுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்குத் தொலைவில் எடுத்துக்காட்டுத் தேட வேண்டுவதில்லை. சென்னை உயர்நீதிமன்றத்திற்கு எதிர்ப்புறத்தே, சாரி சாரியாக மக்கள் செல்லும் ஒரு தெருவில் ஆர்மீனியரின் அன்னை மரியாள் தேவாலயம் உள்ளது. 1712இல் முதலில் எழுப்பப்பெற்று, 1772இல் மீண்டும் கட்டப்பெற்றது அது. அவ்வளாகத்தில் அடக்கம் செய்யப்பெற்ற ஆர்மீனியர் ஏறத்தாழ 350 பேர் ஆவர். மணிக்கூண்டில் ஆறு பெருமணிகள் உள்ளன. நாள்தோறும் கூடி வழிபடுதற்குரிய ஆர்மீனியக் குடிகள்தாம் இன்று சென்னையில் இல்லை. கொல்கத்தாவிலுள்ள ஆர்மீனியத் திருச்சபைக் குழுவே தொலைவிலிருந்து இதனைப் பராமரித்து வருகிறது.

தெருவின் பெயரையே முதற்கண் நோக்குவோம். ஆங்கிலேயர் 'ஆர்மீனியன் தெரு' என்றனர். சென்னைத் தமிழர் நாவில் அது 'அரண்மனைக்காரன் தெரு' என்றாயிற்று. பொருள் விளங்காத அயற்சொல்லைத் தனக்குப் பொருள் விளங்கும் சொல்லாகத் திரித்துக்கொள்வது மக்கள் வழக்கு. ஆர்மீனியன் என்ற சொல் அரண்மனைக்காரன் ஆனமை செவியின் பிழை என்று மொழிநூலார் கூறுவர். எனினும், கப்பல் வாணிகத்தாலும் மணி, பட்டு, துணி ஆகியவற்றின் விற்பனையாலும் செழித்த அம்மக்களைப் பற்றி நம்மவர் கொண்ட மதிப்பும் அதில் ஒளிந்திருக்கக்கூடும் என்று எண்ணத் தோன்றுகிறது. தெருவின் பெயரிலிருந்து அவர்கள் மறைந்துபோயினர். கல்லறைக் கற்களில் மட்டும் தம் சொந்தப் பெயரோடு இருக்கின்றனர்.

இம்மக்கள் எங்கிருந்து வந்தனர்? காக்கேசிய மலைநாட்டில் அராஸ் ஆற்றங்கரையில் சுல்ஃபா என்னும் வணிக நகரம் இருந்தது. பாரசீக மன்னர் முதலாம் ஷா அப்பாஸ், உதுமானியரோடு நிகழ்த்திய போரின்போது, 1604 - 1605ஆம் ஆண்டுகளில் அந்நகர மக்களைக் குடிபெயர்த்து இஸ்பகான் நகரின் அருகே குடியேற்றினார். குடிபெயர்ப்பு கொடிது, வழியில் மாண்டோர் பலர். குடியேறிய இடத்திலோ அவர்களுக்குத் தேவாலயம் எழுப்பவும் பட்டு வாணிகம் நடத்தவும் உரிமை வழங்கப்பெற்றது. தாம் இழந்த ஊரின் நினைவாக அவர்கள் அக்குடியிருப்பைப் 'புதிய சுல்ஃபா' என்று அழைத்தனர். அங்கிருந்து புறப்பட்ட வணிகர்கள்தாம் சூரத், ஆக்ரா, கல்கத்தா, சென்னை எனப் பரவினர். 1688இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியும் ஆர்மீனிய வணிகரும் இலண்டனில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். நாற்பது ஆர்மீனியர் கூடி வாழும் ஊரில் அவர்களுக்குத் தேவாலயம் அமைத்துத் தருவதும், ஏழாண்டுகள் ஒரு குருவுக்கு ஆண்டுக்கு ஐம்பது பவுன் ஊதியம் வழங்குவதும் அதன் விதிகளுள் சில. நாற்பது பேர் என்பது ஒரு சமுதாயத்தின் அளவு! அத்துணைச் சிறிய கூட்டம் நம் நகருக்குச் செய்த தொண்டோ மிகப் பெரிது.

கோஜா பெத்ரோஸ் உஸ்கான் என்னும் வணிகர் ஒருவரை மட்டும் ஈண்டுக் குறிப்பிடலாம். சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்க 1726இல் தம் பொருளைச் செலவிட்டுப் பாலம் அமைத்தவர் அவர். பாலத்தைப் பழுது பார்த்து வருதற்கெனத் தனியே நிதியும் வைத்தார். பரங்கிமலை ஏறுவோர் இடர்ப்படாதிருக்கப் படிக்கட்டுகளும் அமைத்தார். மர்மலாங் பாலம் எனப் பெயர் பெற்றிருந்த அப்பழம் பாலம் நின்ற இடத்தில், 1960களில் எழுந்த புதிய பாலம் தனித்தமிழ் இயக்கத் தந்தை மறைமலையடிகளின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆர்மீனியர் இட்ட கடவைத் தமிழ்க்கடலின் பெயரில் கடந்து செல்கிறோம் என்பது எத்துணைப் பேர் அறிந்த செய்தி? பழம் பாலத்தின் நினைவாக ஆர்மீனியம், பாரசீகம், இலத்தீன் ஆகிய மொழிகளில் உஸ்கான் பொறித்த கல், சாலை உயர உயர மண்ணுள் தாழ்ந்துகொண்டே வந்தது.

1751இல் மறைந்த உஸ்கான், வேப்பேரியில் தாம் ஆதரித்த சிற்றாலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். அவருடைய இதயம் மட்டும் அவர் விருப்பப்படி தாயகமான புதிய சுல்ஃபாவுக்கு எடுத்துச் செல்லப்பெற்றது என்பர். உடல் சென்னைக்கு, உள்ளம் பிறந்த ஊருக்கு என்று பங்கிட்டுக் கொடுத்த அம்மனிதரைப் புலம்பெயர்ந்தோர் அனைவருக்கும் உருவகமாகக் கொள்ளலாம். அவர் மறைந்த மறு ஆண்டே அவ்வாலயம் சீர்திருத்தக் கிறித்தவ மறைப்பணியாளர் வசமாயிற்று. அங்கிருந்துதான் பெப்ரீசியுசு ஐயர் தம் தமிழ் - ஆங்கில அகராதியை 1779இல் வெளியிட்டார். தமிழ் அகராதி வரலாற்றைக் கற்கும் மாணவர், அப்பணி நிகழ்ந்த வளாகம் ஓர் ஆர்மீனியரின் கல்லறையைச் சுமந்த வளாகம் என்பதையும் சேர்த்துக் கற்க வேண்டும்.

அரண்மனைக்காரன் தெரு அடக்கத்தலத்தில் உறங்குவோருள் அருட்டிரு ஹரூத்யூன் ஷ்மாவோனியன் தலையாயவர். ஷிராஸ் நகரில் பிறந்து சென்னைக்கு வந்த இக்குரு, தாமே அச்சகம் நிறுவி, 1794இல் 'அஸ்தரார்' என்னும் திங்களிதழைத் தொடங்கினார். உலகில் ஆர்மீனிய மொழியில் வெளிவந்த முதல் இதழ் அதுவே. பதினெட்டு இதழ்கள் வெளிவந்து 1796இல் நின்றுபோயிற்று. 1824இல் அவர் மறைந்தார். ஆர்மீனிய நாட்டில் இதழியல் கற்போர் தம் துறையின் பிறப்பிடம் எது என்று வினவினால், சென்னை என்பதே விடை. இதற்கு முன்னரே, 1770களில், ஷஹாமிர் ஷஹாமிரியன் என்னும் வணிகர் இங்கு அச்சகம் அமைத்து, விடுதலை பெற்ற ஆர்மீனியா ஒன்றைக் கனவு கண்டு, அதற்குரிய அரசியலமைப்பையே நூலாக அச்சிடுவித்தார். நாடில்லாத மக்கள் தம் நாட்டிற்குச் சட்டம் வகுத்த இடம் நம் கடற்கரை நகரம் என்பது பெருமைக்குரியதன்றோ!

இக்கல்லறைகளின் அமைப்பும் கருதத்தக்கது. இவை நிமிர்ந்து நிற்கும் கற்கள் அல்ல. தரையோடு தரையாகப் பதிக்கப்பெற்ற பலகைக் கற்கள். ஆலயத்தைச் சுற்றி நடப்போர் அவற்றின் மேல் நடந்தே செல்ல நேரும். கல்லின் மேல் படும் ஒவ்வொரு காலடியும், பெய்யும் ஒவ்வொரு மழையும் எழுத்தைச் சிறிது சிறிதாகத் தேய்க்கின்றன. அவ்வெழுத்துகளோ எளிதிற் படிக்கத்தக்கன அல்ல. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெஸ்ரோப் மஷ்தோத்ஸ் என்னும் துறவியார் வகுத்த ஆர்மீனிய எழுத்துகள், எண்களாகவும் வழங்குவன. தமிழில் ககரத்தை ஒன்றாகவும் உகரத்தை இரண்டாகவும் எழுதிய பழக்கத்தையும், அரபியில் 'அப்ஜத்' முறையில் எழுத்துக்கு எண் மதிப்புக் கொடுத்து ஆண்டைக் குறித்த வழக்கத்தையும் அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது. ஆர்மீனியரின் பழைய ஆண்டுமுறையில் கண்ட எண்ணோடு 551ஐக் கூட்டினால்தான் கிறித்தவ ஆண்டு கிடைக்கும். புதிய சுல்ஃபா வணிகர் கையாண்ட மற்றொரு முறையோ 1616ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொண்டது. எம்முறை என்று அறியாமற் படிப்பவர் ஒருவரின் இறப்பை ஆயிரம் ஆண்டு முன்தள்ளி விடுவார். ஆகவே எழுத்து தேய்வதற்கு முன்னரே அதனைப் படித்துப் பதிவு செய்தல் இன்றியமையாதது.

நல்வாய்ப்பாக இப்பணி ஓரளவு முன்னரே நிகழ்ந்துள்ளது. ஆங்கில ஆட்சிப் பணியாளர் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து 1905இல் வெளியிட்டார். கல்கத்தாவில் வாழ்ந்த மெஸ்ரோப் ஜேக்கப் சேத் என்னும் ஆர்மீனிய அறிஞர், ஊர்தோறும் சென்று தம் முன்னோரின் கல்லறை எழுத்துகளைப் படித்து, 1937இல் இந்திய ஆர்மீனியர் வரலாற்றைப் பெருநூலாக ஆக்கினார். இவ்விருவரும் படித்து எழுதி வைத்தமையால்தான் நாம் இன்று இம்மக்களைப் பற்றிப் பேச முடிகிறது.

சென்னையிலுள்ள கல்லறைகள் இன்றளவும் இருக்கின்றன. அவர்களின் மூதாதையர் கல்லறைகள் என்ன ஆயின என்பதே நெஞ்சை உலுக்கும் செய்தி.

பழைய சுல்ஃபாவில், அராஸ் ஆற்றங்கரைச் சரிவில், உலகிலேயே மிகப் பெரிய ஆர்மீனிய அடக்கத்தலம் இருந்தது. ஆளுயரக் கற்களில் சிலுவையும் பூவேலையும் செதுக்கி நிறுத்தும் 'கச்கார்' என்னும் கல்வகை அங்குச் செறிந்திருந்தது. 1648 அளவில் அவ்வழியே சென்ற அலெக்சாந்தர் தெ ரோட்ஸ் என்னும் இயேசு சபைத் துறவியார் பத்தாயிரம் கற்கள் என மதிப்பிட்டார். மக்கள் 1605இலேயே அகற்றப்பட்டுவிட்டனர். கற்கள் மட்டும் நின்றன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏறத்தாழ மூவாயிரம் எஞ்சியிருந்தன. இன்று அஸர்பைஜான் ஆட்சிக்குட்பட்ட நக்சிவான் பகுதியில் உள்ள அவ்விடத்தில் 1998இல் அழிப்பு தொடங்கியது; 2002இல் தொடர்ந்தது; 2005 திசம்பரில் முற்றுப்பெற்றது. ஆற்றின் மறுகரையாகிய ஈரானிலிருந்து எடுக்கப்பட்ட படங்களில், படைவீரர் சம்மட்டி கொண்டு கற்களை உடைத்து ஆற்றில் கொட்டும் காட்சி பதிவாயிற்று. அந்நாட்டு அரசு இதனை மறுத்தது. ஆயினும் அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகம் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு ஆராய்ந்து, கற்கள் அகற்றப்பட்டு நிலம் சமன் செய்யப்பட்டமையை 2010இல் உறுதி செய்தது. அதே 2010இல்தான் கச்கார் செதுக்கும் கலையை யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வமாகப் பட்டியலிட்டது. கலை பட்டியலில் ஏறியது. அக்கலையின் பெருங்காடு அதற்குள் மண்ணோடு மண்ணாகியிருந்தது.

இவ்விடத்தில் நடுநிலை பிறழாமை வேண்டும். அவ்விரு நாட்டாரின் பூசலில் கல்லறை இழந்தோர் ஒரு சாரார் மட்டும் அல்லர். 1993 முதல் 2020 வரை ஆர்மீனியப் படையினர் வசமிருந்த அக்தாம் நகரில் அஸர்பைஜானிய முஸ்லிம்களின் அடக்கத்தலங்களும் சிதைக்கப்பட்டன. உயிரோடிருப்பவரை வென்ற பின்னும் பகை தணியாதவர், இறந்தவரோடு போரிடத் தொடங்குகின்றனர். இதற்குச் சமயம் காரணமாகாது. ஒரு யூதரின் சவ ஊர்வலம் கடந்து சென்றபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள் என்பதும், அவர் வேற்றுச் சமயத்தவராயிற்றே என்று தோழர்கள் கூறியபோது, அவரும் ஓர் ஆன்மா அல்லவா என்னும் கருத்துப்பட வினவினார்கள் என்பதும் புகாரி, முஸ்லிம் ஆகிய நபிமொழித் தொகுப்புகளில் இடம்பெற்ற செய்தி. அயலாரின் சடலத்திற்கு எழுந்து நின்ற மரபில் வந்தோர், அயலாரின் கல்லறை உடைபடும்போது அமர்ந்திருத்தல் முறையாகாது. உடைப்பவர் எவராயினும் சரியே. உடைபடுவது எவருடையதாயினும் சரியே.

பழைய சுல்ஃபாவில் அழிவுக்குத் தப்பியது ஒன்று உண்டு. அர்கம் ஐவாஸ்யான் என்னும் ஆய்வாளர் 1960களிலிருந்து 1980கள் வரை அப்பகுதியெங்கும் அலைந்து, கற்களைப் படம் பிடித்தும் வாசகங்களைப் படியெடுத்தும் வைத்திருந்தார். இன்று பழைய சுல்ஃபாவின் கற்களைப் பற்றி ஆராய்வோர் முதலில் நாடுவது அவருடைய பதிவுகளையே. கல்லை உடைக்க ஒரு வாரம் போதும். பதிவை உடைத்தல் எளிதன்று.

'இருப்பவர்க்கே குடியிருக்க இடமில்லை. இறந்தோர்க்கு ஏன் நகர நடுவே நிலம்?' என்று கேட்போர் உளர். அக்கேள்வியைப் புறக்கணித்தல் கூடாது. பெருநகரில் நில நெருக்கடி உண்மையானது. நம் மையவாடிகளிலேயே பழைய குழிகளில் மீண்டும் அடக்கம் செய்யும் வழக்கம் உள்ளது. மண்ணறைக்கு ஆடம்பரம் வேண்டா என்பது நம் கொள்கையும்கூட. ஆனால் பயன்பாட்டிலுள்ள அடக்கத்தலத்தை அச்சமுதாயத்தார் தாமே முடிவு செய்து பேணுவது வேறு; கேட்பாரற்ற சிறு சமுதாயத்தின் தலத்தைப் பிறர் விழுங்குவது வேறு. முன்னையது நிர்வாகம்; பின்னையது அபகரிப்பு. மேலும், அரண்மனைக்காரன் தெருவிலுள்ள அச்சிறு வளாகத்தை எடுத்துக்கொள்வதால் சென்னையின் இடநெருக்கடி தீர்ந்துவிடப் போவதில்லை. இழப்பதோ 300 ஆண்டு வரலாறு.

'சட்டம் காக்கும்' என்பார்க்கும் ஒன்று கூறலாம். பழமைச் சின்னங்களைக் காக்க 1958ஆம் ஆண்டு நடுவண் சட்டம் இருக்கிறது. எனினும் நூறாண்டு கடந்த எல்லாமே தாமாகக் காக்கப்படுவதில்லை; பாதுகாக்கப்பட்டது என அறிவிக்கப்பெற்றவற்றுக்கே அச்சட்டத்தின் காவல் உண்டு. சிற்றூர்களில் குளக்கரையிலும் தோப்பிலும் கிடக்கும் எண்ணற்ற கற்களுக்கு அறிவிப்பும் இல்லை; அறிவிக்கச் சொல்லிக் கேட்பவரும் இல்லை.

தமிழருக்கு இது புதிய கடமையன்று. இறந்தோர்க்குக் கல் நடுவதைத் துறைகளாக வகுத்து இலக்கணமே செய்த மரபு நம்முடையது. தொல்காப்பியப் புறத்திணையியல் அதற்குச் சான்று. முதுமக்கள் தாழி வனையும் குயவரை விளித்துப் பாடிய பாடல் புறநானூற்றில் உள்ளது. நடுகற்களின் பயனை நம் காலத்திலும் கண்டோம். செங்கம் வட்டாரத்து வயல்களில் கேட்பாரற்றுக் கிடந்த கற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் தேடிப் படித்து, 'செங்கம் நடுகற்கள்' என 1972இல் நூலாக்கினர். ஆநிரை மீட்டு மாண்ட பெயர் அறியா வீரர் பலர் அதனால் பெயர் பெற்றனர். வட்டெழுத்தின் வளர்ச்சி வரலாறும் தெளிவு பெற்றது. வேலி ஓரத்துக் கல்லே மொழி வரலாற்றின் மூல ஆவணமாயிற்று.

எனவே நம் தமிழ்த்துறை மாணவர் செய்யத்தக்கதொரு பணியை இம்மலரின் வாயிலாக முன்வைக்க விழைகிறேன். விடுமுறைக்கு ஊர் திரும்பும் ஒவ்வொருவரும் தம் ஊரிலுள்ள பழைய அடக்கத்தலம் ஒன்றைத் தெரிவு செய்க. அது தம் சமுதாயத்தினதாக இருக்க வேண்டுவதில்லை. பிறருடையதாயின் மிக நன்று. பொறுப்பிலுள்ளோரிடம் முறையாக ஒப்புதல் பெறுக. கல்லைச் சுரண்டாமல், சுண்ணமோ வண்ணமோ பூசாமல், காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் எழுத்தைப் படிக்க. பெயர், உறவுமுறை, தொழில், ஊர், ஆண்டு, எழுத்து வகை ஆகிய ஆறனையும் கண்டவாறே எழுதுக; பிழையெனத் தோன்றுவதையும் திருத்தாது எழுதுக. படமும் எடுக்க. கைப்பேசி வைத்திராத மாணவர் இன்று அரியர்; காட்டனுக்கும் சேத்துக்கும் கிட்டாத கருவி அது. மீசான் கல்லில் அரபு வாசகம் கண்டால் அரபித் துறையினரை நாடுக. நடுகல் கண்டால் தொல்லியல் துறைக்குத் தெரிவிக்க. தொகுத்தனவற்றைத் துறை நூலகத்தில் ஒரு படியும், அவ்வச் சமுதாயத்தாரிடம் ஒரு படியும் வைத்தல் வேண்டும்.

இதனால் விளையும் பயன் யாதெனில், ஆய்வேடுகளுக்குத் தரவு கிடைக்கும் என்பது மட்டும் அன்று. பிற சமயத்தாரின் கல்லறையில் குனிந்து நின்று, தேய்ந்த எழுத்தை விரலால் தடவி, ஒரு தாயின் பெயரையோ குழந்தையின் வயதையோ படித்தறிந்த மாணவன், பின்னாளில் சம்மட்டி ஏந்துவோர் கூட்டத்தில் நிற்க மாட்டான். அக்கல்வியைத் தேர்வு வினாத்தாள் தராது.

ஆர்மீனியர் நம் நகரை விட்டுச் சென்றுவிட்டனர். சிலர் கல்கத்தாவுக்கும், சிலர் பர்மாவுக்கும் சிங்கப்பூருக்கும், பிறர் இன்னும் தொலைவுக்கும் சென்றனர். தம் இறந்தோரை உடன் எடுத்துச் செல்ல இயலாது. நம்மிடம் விட்டுச் சென்றனர். ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளை 'அமானிதம்' என்போம். ஒப்படைத்தவர் மீண்டும் வந்து கேட்பார் என்பதற்காகவா அமானிதத்தைக் காக்கிறோம்? கேட்பார் இல்லாதபோதும் காப்பதே அமானிதம். பழைய சுல்ஃபா அவர்களுக்கு இல்லாமற்போயிற்று. அரண்மனைக்காரன் தெருவும் அவ்வாறு ஆகாமற்காத்தல் சென்னையின் கடமை. தத்தம் ஊரிலுள்ள பெயரறியாக் கற்களைக் காத்தல் நம் ஒவ்வொருவரின் கடமை.